தறிச் சத்தத்தில் தூங்கியவனுக்கு

கண்ணு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காய்ச்சலே இல்லாத வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பல்கூட விளக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்காத நேரம். அளந்து முடிந்ததும் அது கத்தும், கத்துகிற வரை வாயைத் திறப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். தாடை வலிக்க ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தபோது உன் அப்பா ஈரத் துண்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். “எனத்துக்குத் தெர்மாமீட்டரு? மேலுக்கு முடியலையா?” என்றார். “ஒண்ணுமில்லீங்க, சும்மா” என்றேன். “சும்மா யாராச்சும் காய்ச்சல் பாப்பாங்களா அம்மணி?” என்று சிரித்துக்கொண்டே போனார். எடுத்துப் பார்த்தால் திரை அணைந்து கிடந்தது. அது எப்போதோ கத்தி, காத்திருந்து பார்த்துவிட்டு, தானாகவே தூங்கப் போய்விட்டது. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

நாளை வெள்ளிக்கிழமை. உன் இணையப் பக்கத்தில் என் குறிப்பு வர வேண்டிய நாள். இந்த வாரம் நீ அனுப்பிய மூன்று பாட்டுகளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போட்டுக்கொள். உன் வாசகர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி எதுவும் வெளியிடாத, ரேடியோ எதுவும் போடாத ராக் இசைக் குழுக்களின் புதுப் பாட்டுகளைப் பற்றி நீ இணையத்தில் எழுத ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். முதல் சில மாதங்கள் அதை நீயும் உன் இரண்டு கூட்டாளிகளும் மட்டுமே படித்தீர்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டாக எனக்கு மூன்று பாட்டுகளை அனுப்பி, நான் சொன்ன பதிலை அப்படியே எடுத்துப் போட்டாய். ஒரு குழுவில் ஆண்கள் எல்லோரும் ஜிகினாச் சட்டையும் உயரமான வெள்ளி பூட்ஸும் கண்மையும் போட்டிருந்தார்கள். ‘இவர்கள் வீட்டில் துவைத்து இஸ்திரி போடுவது யார்?’ என்று கேட்டிருந்தேன். அதற்குப் பெயர் கிளாம் என்றாய். இன்னொன்று ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோன பங்க் பாட்டு. ‘கோபம் நியாயமாகத்தான் இருக்கிறது, நடுவில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுக் கத்தலாம்’ என்று எழுதினேன். மூன்றாவது பவர் பாப். சினிமாப் பாட்டு மாதிரி வாயில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கிட்டார் பங்க் மாதிரி அடிக்கும் என்று விளக்கினாய். ‘பிரிந்துபோன காதலியைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகப் புலம்புகிறவனை நம்பக் கூடாது’ என்றேன். அன்றிலிருந்து நான் ‘சூலூர் அம்மா’ ஆகிவிட்டேன். எங்கோ இருக்கிற பையன்கள் எல்லாம் தங்கள் புதுப் பாட்டை அம்மா கேட்டாரா என்று உன்னிடம் விசாரிக்கிறார்களாம்.

அம்மா கேட்கவில்லை. அதுதான் விஷயம். வாரா வாரம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள். முதலில் படத்தைப் பார்ப்பேன். பாட்டின் வரிகளைப் போனில் தேடி எடுத்துப் படிப்பேன். அப்புறம் நீ வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிடுவேன். டிரம் கைக்கு வரும். அடியில் ஓடுகிற பேஸ் கிட்டார் நன்றாகவே காதுக்கு வரும். அதற்கு மேலே இருக்கிற கிட்டாரும் பாடுகிறவனின் சொற்களும், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வாரமும் பேஸை மட்டும் பாராட்டி எழுதினேன். நீ கிட்டார் வாசிக்கிற குழுவில் பேஸ் வாசிக்கிற ஷமீமா ஒருமுறை என்னைக் கட்டிக்கொண்டு, “ஒலகத்துலயே பேஸ்காரங்க வாசிப்பு காதுல விழற ஒரே ஆளு நீங்கதானுங்ம்மா” என்றாள். நானும் பெருமையாகச் சிரித்துவைத்தேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது உன் கண்மையைப் பற்றியது அல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் பகலெல்லாம் பம்புக் கம்பெனியில் வரைபடம் வரைகிற வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் ஒரு தகரக் கொட்டகையில் ஜிகினா ஜாக்கெட் போட்டுக்கொண்டு நீ ஆடுவதைப் பற்றி ஒறம்பரை, சொந்தபந்தத்தில் யார் என்ன பேசினாலும், “அவனுக்குப் புடிச்சிருக்குதுங்க” என்று சொல்லி வாயடைத்திருக்கிறேன். அந்த ஜாக்கெட்டைத் தைத்தவளே நான்தான். என் எரிச்சல் உன் காதைப் பற்றியது. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டு வாசி என்று போன வருடத்திலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

“ஏம்மா, பங்க் வாசிக்கறவன் காதுல பஞ்சு வெச்சுட்டு நின்னா எவனாச்சும் மதிப்பானா?”

“மதிக்கறதுக்கா வாசிக்கறே?”

“அது ஒரு மாதிரிம்மா. ஒனக்குப் புரியாது.”

எனக்கு நன்றாகவே புரிந்தது. இதே வார்த்தையை நம் தறிக் கொட்டகையில் உன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தறி ஓட்டுகிறவர்களுக்கு இலவசமாகக் காது அடைப்பான் கொடுத்துவிட்டுப் போனார்கள் ஒரு தடவை. அந்தப் பை நெடுநாள் ஆணியில் தொங்கியது. அதிலிருந்து எடுத்துக் காதில் வைத்தவனை மற்றவர்கள், “என்னப்பா, புதுப் பொண்ணாட்டக் காதைப் பொத்திட்டு நிக்கறே?” என்று கேலி செய்தார்கள். அப்புறம் யாரும் தொடவில்லை. உடம்பெல்லாம் ஜிகினா ஒட்டிக்கொண்டு உலகத்தையே எதிர்த்துக் கத்துகிறவன், இந்த விஷயத்தில் மட்டும் அச்சு அசலாகத் தறிக்காரன் மகனாக இருக்கிறாய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் முதல் கேசட்டுக்கான பாட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாய். கேசட்டையெல்லாம் இன்னும் யார் கேட்கிறார்கள் என்று கேட்டதற்கு, உங்கள் மாதிரிக் குழுக்களெல்லாம் இப்போது அதில்தான் வெளியிடுகின்றன என்றாய். ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கலந்து, இரண்டு மிக்ஸ் வைத்திருந்தாய். “எது நல்லா இருக்குதும்மா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதலாவது எனக்கு மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் கிட்டார் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கிட்டார் என் காதுக்கு வந்ததே என்ற சந்தோஷத்தில், “ரெண்டாவதுதான். அதையே வெய்யி” என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் அதேதான் நெனச்சேன்” என்றாய். எனக்கும் பெருமையாக இருந்தது. அம்மாவுக்கும் மகனுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டே உனக்கு இரண்டாவது தோசை வார்த்தேன்.

நேற்று மத்தியானம் ஷமீமா ஸ்கூட்டரில் வந்தாள். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்திலிருந்து, அவள் அப்பாவின் துணிக்கடையைப் பாதியில் விட்டுவிட்டு, இந்த வெயிலில் சூலூர் வரை. கரண்ட் போயிருந்ததால் தறிகள் நின்றிருந்தன. மோர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு கண்ணு.”

“அந்த ரெண்டாவது மிக்ஸு நெசமாவே நல்லா இருக்குதுங்களா?”

“நல்லாத்தானே இருக்குது. மொதலாவது மந்தமா இருந்துச்சு.”

“எங்கப்பா கடையில போட்டுப் பாத்தேனுங்ம்மா. சேலை பாத்துட்டு இருந்தவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. கிட்டாரும் சிம்பலும் ஊசி மாதிரிக் குத்துது. நம்ம பிரபு ஊட்டு நாயி இருக்குதில்லீங்களா, அன்னூர்ல? அந்தப் பாட்டைப் போட்டா தோட்டத்துக்கு ஓடிப்போயிருதாம்.”

பிரபு உங்கள் டிரம்காரன். நாய் ஓடுகிற அளவுக்கு ஒரு பாட்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பறம் எனத்துக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்க?” என்றேன்.

“நாங்க எங்கீங்க ஒத்துக்கிட்டோம்? ‘எங்கம்மாவே நல்லா இருக்குதுன்னுட்டாங்க’ன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். திங்கக்கெழம கேசட் போடறதுக்கு அனுப்பணும். ஒரு எட்டுப் பேருகிட்டப் போட்டுக் காட்டிட்டேனுங்ம்மா. நல்லா இருக்குதுன்னு சொன்னது நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான்.”

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். மற்றவர்களை ஊசியாகக் குத்துகிற கீச்சுச் சத்தம் எனக்கு எட்டாத மாதிரியே உனக்கும் எட்டவில்லை. அவள் இன்னும் மெதுவாகப் பேசினாள், நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உன் காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் கேட்கிறதாம். முன்பெல்லாம் காலையில் அடங்கிவிடும், இப்போது அடங்குவதில்லையாம். பிரபு உன் இடது பக்கம் உட்கார்ந்து அடிக்கிறான். அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் நீ திரும்புவதில்லையாம். “அடுத்த மாசம் கொச்சி, பெங்களூரு, மெட்ராஸுன்னு பதினஞ்சு எடத்துல வாசிக்கப் போறோமுங்ம்மா. அவன் எங்க பேச்சைக் கேக்க மாட்டான். நீங்க சொன்னாக் கேப்பான்” என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து தறிகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள், இந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று. எனக்கு அது ஒரு இடைஞ்சலாகவே தெரியவில்லை. “சொல்லு கண்ணு, புரியுது” என்றேன்.

சத்தத்தில் புரிகிறது என்பதுதான் நம் வீட்டில் எல்லோரையும் ஏமாற்றிய விஷயம். நான் இந்த வீட்டுக்கு இருபத்திரண்டு வயதில் வந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல். மனிதக் காது எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை கேட்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். வந்த ஒரு மாதத்தில், ஓடுகிற தறிகளுக்கு நடுவே வாயசைவையும் கையசைவையும் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டேன். நூல் அறுந்தது, டீ வந்தது, யாரோ ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. நீ மூன்று வயதிலேயே கொட்டகையின் அந்தக் கோடியில் நின்று, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து என்னிடம் பிஸ்கட் கேட்பாய். பார்த்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரப் பையன் என்றார்கள். நம் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. டிவி எப்போதும் தெருவுக்கே கேட்கும். ‘எங்களுக்குத் தொண்டை பெருசுங்க’ என்று சொல்லிக்கொள்வோம். காது சிறிதாகிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இனி நான் சொல்லப்போவது இதுவரை உன்னிடம் வேடிக்கையாக மட்டுமே சொன்ன ஒன்று. உனக்குத் தொட்டில் கட்டியது தறிக் கொட்டகைக்குள். வீட்டுக்குள் போட்டால் தூங்க மாட்டாய், கொட்டகையில் தறி ஓட ஓட நன்றாகத் தூங்குவாய். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் உடனே விழித்துக்கொண்டு வீறிடுவாய். தறி வைத்திருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் தங்கள் பிள்ளையைப் பற்றி இதே கதையைத்தான் சொல்வார்கள், அதுவும் பெருமையாக. நானும் சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஷமீமாவிடமும் பிரபுவிடமும் சொல்லி, நீங்கள் மூவரும் சிரித்து, ‘அதனாலதான் நான் பங்க்’ என்று நீ உன் பக்கத்திலேயே அதை எழுதினாய். ஒன்றரை வருடம், பகல் முழுக்க, ஒரு கைக்குழந்தையை அந்தச் சத்தத்தில் தொங்கவிட்டிருந்தேன் கண்ணு. கல்லூரியில் ஒலியைப் பற்றிப் படித்த ஒருத்தி அந்தக் கொட்டகையில் இருந்தாள் என்றால், அது நான் ஒருத்திதான். உன் காதுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதில் உன் கிட்டார் எவ்வளவு, என் தொட்டில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இது நேற்றுத்தான் தெரியும் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. உனக்குப் பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர் கத்தவே இல்லை என்று மருந்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். வேறொன்று கொடுத்தார்கள். அதுவும் கத்தவில்லை. மூன்றாவதையும் கொண்டுபோய், “ஏனுங்க, நீங்க விக்கறதெல்லாமே இப்படித்தானுங்களா?” என்று எகிறினேன். கடைக்காரர் பொறுமையாக அதைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்து என் காதருகே நீட்டி, “கத்துதுங்களே அம்மணி. கேக்குதுங்களா?” என்றார். பக்கத்தில் மாத்திரை வாங்க வந்தவரும் ஆமாம் என்கிற மாதிரித் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஆ, இப்பக் கேக்குதுங்க. நாந்தான் கவனிக்கல” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று காலை வாயில் வைத்தது அந்த மூன்றாவதுதான். பன்னிரண்டு வருடமாக அதை நேரம் பார்த்து, உத்தேசமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பார்க்கும்போது, ‘அந்த ஊட்டுல அம்மாவுக்குக் காது கேக்காதாமே, பரம்பரையா?’ என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். உண்மையான காரணம் இன்னும் அற்பமானது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, முதல் தடவையாக, நான் சொல்கிற ஒரு கருத்துக்காக எங்கோ சிலர் காத்திருந்தார்கள். உப்பு போதுமா என்பதைத் தவிர வேறொன்றை என் மகன் என்னிடம் கேட்டான். அதை இழக்க மனம் வரவில்லை. அந்த ஆசையில், கேட்காத பாட்டுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னேன். உன் கேசட்டுக்கும் சொன்னேன். உன்னை நினைத்தால் எரிச்சலாக வருகிறது என்று ஆரம்பித்தேன். இவ்வளவு தூரம் எழுதிய பிறகு அதில் முக்கால் பங்கு என்மேலேயே இருக்கிறது.

அதனால் முதலில் உன் வாசகர்களுக்கும், தங்கள் பாட்டுகளை அனுப்பிவைத்த அந்தப் பிள்ளைகளுக்கும்: நான் எழுதியதில் உங்கள் சட்டையைப் பற்றியும் வரிகளைப் பற்றியும் சொன்னது எல்லாம் நிஜம். பேஸைப் பற்றிச் சொன்னதும் நிஜம். மற்றது எதையும் நம்ப வேண்டாம். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபத்தை உள்ளங்கையால் கேட்டிருக்கிறேன், அதில் பொய் இல்லை.

இனி உனக்கு. திங்கள்கிழமை கேசட்டை அனுப்பாதே. எந்த மிக்ஸ் நல்லது என்று ஷமீமாவும் பிரபுவும் சொல்லட்டும். நாய் சொன்னாலும் கேட்டுக்கொள். என்னிடமும் உன்னிடமும் மட்டும் கேட்காதே. உன்னை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு, அம்மா கடைசியில் எல்லா அம்மாக்களையும் போல ஆகிவிட்டாள் என்று எழுதாதே. பதினைந்து இடத்திலும் வாசி. தொண்டை கட்டும் வரை கத்து. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு கத்து. அது தெரிந்துவிடும் என்று வெட்கமாக இருந்தால் அதன்மேலும் கொஞ்சம் ஜிகினா ஒட்டித் தருகிறேன். உனக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது, உன் பிள்ளை ஒரு பாட்டைக் கொண்டுவந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு நீ உதட்டைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, ஷமீமாவிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய்க் காதைப் பரிசோதித்துக்கொள்ளப் போகிறேன். ஒவ்வொரு சுருதியாகப் போட்டு, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று ஒரு தாளில் கோடு வரைந்து கொடுப்பார்களாம். அந்தக் கோடு எங்கே சரிகிறதோ, சரியட்டும். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வேன், பூவை வைத்து மறைக்காமல். அடுத்த வெள்ளிக்கிழமை உன் பக்கத்தில் என் குறிப்பு வருகிற இடத்தில் எந்தப் பாட்டும் இருக்காது. அந்தத் தாளைத்தான் போடச் சொல்லி அனுப்பப்போகிறேன், என் பெயரோடு. அதற்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, உன் பெயரை எழுதி, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பேன்.

அம்மா